செக் நாட்டவருக்கு ஆங்கில உச்சரிப்பு: எங்கிருந்து தொடங்குவது?

ப்ராக் நகரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் செக் நண்பர்கள் ஆங்கில உச்சரிப்பைத் திருத்தித் தரச் சொல்கிறார்கள். 'திங்க்', 'திஸ்', 'தேங்க்ஸ்' மாதிரியான சொற்களிலிருந்து ஆரம்பிக்கலாமா? எதற்கு முதலிடம் கொடுப்பது?

செக் நாட்டின் ப்ர்னோ நகரில் செக் மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கிருந்து ஆரம்பிக்காதீர்கள். நாக்கைப் பல்லிடுக்கில் நீட்டச் சொல்லியே முதல் மாதத்தைக் கழித்தாலும், அவர்கள் பேசுவது முன்னைவிட நன்றாகப் புரிந்துவிடாது. செக்காரர்களின் ஆங்கிலம் கேட்பவர் காதில் தடுக்குவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, அழுத்தம் தப்பான அசையில் விழுந்து, அழுத்தம் இல்லாத உயிர்களும் முழுசாக ஒலிப்பது. இன்னொன்று, சொல்லின் கடைசி மெய். இந்த இரண்டிலும் உங்கள் நேரத்தில் பெரும்பங்கைப் போடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் அவர்கள் காது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். நீங்கள் இருக்கும் ஊரில்தான் 1926-ல் ப்ராக் மொழியியல் வட்டம் தொடங்கியது. அதில் முக்கியமானவர் த்ருபெத்ஸ்காய். அவர் இறந்த மறு ஆண்டு, 1939-ல் வெளியான நூலில், தாய்மொழியின் ஒலியமைப்பை ஒரு சல்லடை என்கிறார். பிற மொழியையும் அதன் வழியாகத்தான் நாம் கேட்கிறோம். செக் மொழியின் சல்லடை எதைப் பிடித்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று தெரிந்துகொள்ள ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். கடைக்குப் போய் ஜாம் புட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'ஜெம்' என்று இருக்கும். சாண்ட்விச் அவர்களுக்கு 'செண்ட்விச்', ஹாண்டிகாப் 'ஹெண்டிகெப்'. ரக்பியை மட்டும் அகரம் போட்டு எழுதுவார்கள். மீட்டிங், ட்ரெய்னிங் இரண்டும் செக் எழுத்தில் 'மீட்டிங்க்', 'ட்ரேனிங்க்' என்று கடைசியில் ஒரு 'க்' வாங்கிக்கொண்டுவிட்டன. ஆங்கிலச் சொல்லைக் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருக்கிறார்கள். உங்கள் நண்பர்கள் செய்யப்போகும் பிழைகளில் பாதி இந்தச் சொற்களிலேயே இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே இவற்றை அவர்கள் முன் வைத்துப் பேசுங்கள், சட்டென்று பிடிபடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழ் எழுத்தில் ஆங்கில ஒலிகளை எழுதினால் தொண்டை அதிரும் ஒலியும் அதிராத ஒலியும் ஒரே எழுத்தில் வந்துவிடும். ஆனால் வாயில் நமக்கு இரண்டுமே உண்டு. 'தம்பி'யில் வரும் ப அதிரும், 'தப்பு'வில் வரும் ப அதிராது. 'வண்டி'யில் ட அதிரும், 'வட்டி'யில் அதிராது. 'தங்கம்', 'பக்கம்' இரண்டிலும் உள்ள க-வும் அப்படியே. கீழே 'அதிரும்', 'அதிராத' என்று வரும் இடங்களில் இந்தச் சொற்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அழுத்தம். செக்கில் அது எப்போதும் சொல்லின் முதல் அசையில்தான். முன்னால் ஓரசை முன்னிடைச்சொல் வந்தால், பெரும்பாலும் அழுத்தம் அதன்மேல் ஏறிக்கொள்ளும். ப்ராக் அவர்கள் மொழியில் 'ப்ரஹா'. 'ப்ராகுக்கு' என்று சொல்ல 'தொ ப்ரஹி' என்பார்கள், அழுத்தம் 'தொ' மேல் விழும். இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் பேசும்போது 'டு லண்டன்' என்பதில் 'டு' நிமிர்ந்து நிற்கும், லண்டன் பின்னால் போய்விடும். ஆங்கிலக் காது லண்டனைத் தேடிக்கொண்டிருக்கும்.

அழுத்தம் இடம் மாறும் என்பதே அவர்களுக்குப் புதிய செய்தி. ஆங்கிலத்தில் ஒரே வேரிலிருந்து வரும் மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 'ஃபோட்டக்ராஃப்' முதல் அசையில், 'ஃபடாக்ரஃபி' இரண்டாவதில், 'ஃபோட்டக்ராஃபிக்' மூன்றாவதில். அழுத்தம் நகர நகர மற்ற உயிர்களும் சுருங்கி நிறம் மாறுகின்றன. செக்கில் 'ஃபொத்தொக்ரஃபியே' என்று முதல் அசையைத் தட்டி, மற்ற எல்லா உயிரையும் பளிச்சென்று சொல்வார்கள். அதிகம் சிக்கல் தருவது இப்படி இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்கள்தான். ஹோட்டல், போலீஸ், கிடார், கரியர் எல்லாம் ஆங்கிலத்தில் இரண்டாவது அசையில் அழுத்தம் பெறும். செக்கில் 'ஹொத்தெல்', 'பொலித்ஸியே', 'கித்தரா', 'கரியேரா', எல்லாமே முதல் அசையில். அந்நியமான சொல்லைக் கவனமாகச் சொல்கிறவர்கள், தெரிந்த முகமாக வரும் சொல்லில் தடுமாறுவார்கள். ஆகவே பட்டியல் போடுவதாக இருந்தால் கடினமான சொற்களை விட்டுவிட்டு இந்தப் பொதுச்சொற்களைப் போடுங்கள்.

இதைத் திருத்தும்போது 'இந்த அசையை உரக்கச் சொல்' என்று சொல்வதைவிட 'மற்ற அசைகளைச் சுருக்கு' என்று சொல்வது பலன் தரும். உரக்கச் சொல்லச் சொன்னால் அந்த அசையும் உரக்க வரும், முதல் அசையும் பழையபடி உரக்க நிற்கும். ஆங்கிலத்தில் அழுத்தமில்லாத உயிர் பெரும்பாலும் அ-வும் இல்லாமல் உ-வும் இல்லாமல் வாய் அசையாமல் வரும் ஒரு மங்கலான ஒலி. செக்கில் அதற்கு இடமே கிடையாது. நெடிலோ குறிலோ, அழுத்தம் இருக்கிறதோ இல்லையோ, எல்லா உயிரும் முழு உயிர்தான். 'த்ரஹா' என்றால் அன்பானவள், 'த்ராஹ' என்றால் பாதை. இரண்டிலும் அழுத்தம் முதல் அசையில்தான், நெடில் மட்டும் இடம் மாறுகிறது. குறிலும் நெடிலும் உள்ள மொழியில் வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும். நமக்குக் கூடுதலாகக் குற்றியலுகரமும் உண்டு. 'பாட்டு' என்பதில் கடைசி உகரம் உதடு குவியாமல் பாதியில் நின்றுவிடுகிறது. ஆங்கிலம் அழுத்தமில்லாத எந்த உயிரையும் அப்படிக் குறுக்கும் மொழி என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளலாம். அவர்களிடமோ, ஒரு மெய்யெழுத்தைத் தனியாக ஒலித்துக் காட்டச் சொல்லுங்கள். 'ப்', 'ம்' என்று சொல்லும்போது பின்னால் ஒரு சின்ன மங்கல் ஒலி ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் வேண்டியது, அது ஏற்கனவே உங்களிடம் இருக்கிறது என்று காட்டுங்கள். இல்லாத ஒன்றைப் புதிதாகக் கற்க வேண்டும் என்ற பயம் போய்விடும்.

என் வகுப்பில் இதற்காகத் திரும்பத் திரும்ப எடுப்பது 'அ கப் ஆஃப் டீ'. ஒரு மாணவி இதை 'எய் – கப் – ஒஃப் – டீ' என்று நான்கு சம அடியாகச் சொல்வார், நான்கும் தெளிவு. அவரிடம் முதலில் 'கப்', 'டீ' இரண்டை மட்டும் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் மேசையை ஒரு தட்டு தட்டச் சொல்வேன். தட்டு சீராக வந்ததும், அந்த வேகத்தைக் குறைக்காமலே மற்ற இரண்டு சொற்களை இடையில் நுழைக்க வேண்டும். அவகாசம் இருக்காது. 'ஒஃப்' என்று உதட்டைக் குவிக்க நேரமில்லாமல் 'அ-கப்ப-டீ' என்று தானாகவே சுருங்கும். சுருங்கியதும் பெரும்பாலானவர்கள் நிறுத்திவிட்டு, 'இது சோம்பேறித்தனமான பேச்சு இல்லையா?' என்று கேட்பார்கள். செக்கில் உயிரை விழுங்கிப் பேசுவது அக்கறையில்லாத பேச்சாகத் தோன்றும். ஆங்கிலத்தில் படித்தவர், பேராசிரியர், செய்தி வாசிப்பவர் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்கள் என்று வானொலியைப் போட்டுக் காட்டியே நம்பவைக்க வேண்டும். வாயைவிட இந்த மனத்தடைதான் பெரிய தடை என்பது என் கருத்து.

அடுத்தது கடைசி மெய். செக்கில் சொல்லின் இறுதியில் வரும் அதிரும் வல்லொலி அதிராத ஒலியாக மாறிவிடும். பனிக்கட்டியைக் குறிக்கும் சொல்லும் விமானப் பயணத்தைக் குறிக்கும் சொல்லும் எழுத்தில் வேறு, காதில் இரண்டும் 'லெத்' தான். விளைவு: ஆங்கிலத்தில் நாய் (dog) கப்பல்துறை (dock) ஆகிவிடும், கண்கள் (eyes) பனிக்கட்டி (ice) ஆகிவிடும், பரிசு (prize) விலை (price) ஆகிவிடும், 'கிளம்பு' (leave) என்பது இலை (leaf) ஆகிவிடும்.

இதைத் திருத்தப் போகும் ஆசிரியர்கள் வழக்கமாகக் கடைசி மெய்யை அழுத்தி அதிரவைக்கச் சொல்கிறார்கள். அது வேண்டாம். அழுத்தினால் பின்னால் ஒரு உயிர் முளைத்து 'டாகு', 'பேடு' என்று ஆகும், நம் ஊரில் கேட்பது போலவே. உண்மையில் ஆங்கிலேயரும் கடைசி மெய்யை அவ்வளவாக அதிரவைப்பதில்லை. அவர்கள் காது வித்தியாசத்தைப் பிடிப்பது முன்னால் உள்ள உயிரின் நீளத்தில். அதிரும் மெய்க்கு முன் உயிர் நீளும், அதிராத மெய்க்கு முன் சட்டென்று வெட்டுப்படும். நீளத்தை அளப்பதில் செக் காது கெட்டிக்காரக் காது. 'பஸ்' என்றால் அவர்களுக்குக் கடவுச்சீட்டு, 'பாஸ்' என்றால் இடுப்புப் பட்டை. நீளம் ஒன்றுதான் வித்தியாசம். நெடிலைக் காட்ட உயிரின் தலையில் போடும் சாய்கோட்டுக்குச் 'சார்க்கா' என்று பெயர். கட்டில் (bed), நாய் (dog), கெட்டது (bad), பரிசு (prize) ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை எழுதி, உயிரின் மேல் பென்சிலால் ஒரு சார்க்கா போட்டுக் கொடுங்கள். பந்தயம் (bet), கப்பல்துறை (dock), வௌவால் (bat), விலை (price) ஆகியவற்றுக்குப் போடாதீர்கள். ஜோடி ஜோடியாகப் படிக்கச் சொன்னால் அன்றைக்கே வித்தியாசம் காதில் விழும். கடைசி மெய்யைப் பற்றி வாயே திறக்க வேண்டாம்.

இதோடு சேர்ந்தே வருவது சொற்களை ஒட்டிப் பேசுவது. குறிப்பாக பொஹீமியா பகுதியில், ப்ராக் உட்பட, உயிரில் தொடங்கும் சொல்லுக்கு முன் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறப்பார்கள். அதை 'ராஸ்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் 'அன் ஆப்பிள்', 'நாட் அட் ஆல்' எல்லாம் இதனால் துண்டுதுண்டாகத் தெறித்து, கேட்பவருக்குக் கோபமாகப் பேசுவது போலப் படும். நமக்கு மெய்யின் மேல் உயிர் ஏறும் புணர்ச்சி பள்ளியிலேயே தெரியும்: பால், ஆடை சேர்ந்தால் பாலாடை. ஆங்கிலத்தில் நடப்பதும் அதுவே. இன்னொரு லாபமும் உண்டு. கடைசி மெய் அடுத்த சொல்லின் உயிரோடு ஒட்டினால் அது இறுதி மெய்யாகவே இருக்காது, அதனால் அதிர்வு திரும்பிவிடும். செக்கிலேயே இது இருக்கிறது. கோட்டைக்கு 'ஹ்ரத்' என்று அதிராமல் முடிப்பவர்கள், வேற்றுமை உருபு சேர்ந்து ஓர் உயிர் வந்ததும் 'ஹ்ரது' என்று அதிரவைப்பார்கள். ஆகவே 'பேட் ஐடியா' என்பதை 'பே-டைடியா' என்று பிரித்துச் சொல்லிக் கொடுங்கள், இரண்டு பிழையும் ஒரே பயிற்சியில் சரியாகும்.

பக்கத்து மெய்யைப் பார்த்து முந்தைய மெய் அதிரத் தொடங்குவதும் அவர்கள் வழக்கம். ஃபுட்பாலை 'ஃபொட்பல்' என்று 'வண்டி'யின் ட் போட்டுச் சொல்வார்கள், ஃபேஸ்புக்கில் ஸ் அதிரும். கேட்டால் செக்காரர் என்று தெரியும், ஆனால் புரியாமல் போவது அரிது. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

உயிர்களில் கவனிக்க வேண்டியது ஜாம், மேன், பேட் ஆகியவற்றில் வரும் உயிர் ஒன்றுதான். சல்லடை அதை எகரமாக்கிவிடுவதால் ஒரு ஆணும் பல ஆண்களும் ஒன்றாகிவிடுகிறார்கள், கெட்டதும் கட்டிலும் ஒன்றாகிவிடுகின்றன. எகரத்தைச் சொல்லிக்கொண்டே தாடையை மட்டும் கீழே இறக்கச் சொல்லுங்கள், உதடு பக்கவாட்டில் விரிந்தபடி இருக்கட்டும். கூடவே கொஞ்சம் நீட்டவும் வேண்டும், நீளம் பாதி வேலையைச் செய்துவிடும். ரக்பி, கப் சொற்களின் உயிரை அவர்கள் அகரமாகச் சொல்வது போதும், தொட வேண்டாம்.

உதட்டொலியில் நீங்களே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மேற்குத் திசையும் (west) கையில்லாச் சட்டையும் (vest) ஆங்கிலத்தில் முதல் ஒலியில் மட்டும் வேறுபடுகின்றன; நம் வகரம் இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் நாம் காட்டும் மாதிரியே குழப்பும். செக்கில் மேல்பல் கீழுதட்டைத் தொடும் வ் மட்டுமே உண்டு, அது ஆங்கிலத்துக்கும் பொருந்தும். இல்லாதது உதடு குவியும் வ். அதற்கு உகரத்திலிருந்து தொடங்குங்கள்: 'உ-எஸ்ட்' என்று மெதுவாக, பிறகு வேகமாக. பல் உதட்டைத் தொடக் கூடாது. இதைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் சிலர் 'வெரி', 'வோட்கா' எல்லாவற்றுக்கும் உதட்டைக் குவிக்கத் தொடங்குவார்கள், அதையும் கூடவே தடுத்துவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்ட 'திங்க்'. நம் தகரத்தைக் காட்டிச் சொல்லித்தந்தால் ஒரு பயனும் இல்லை. நம் த் பல்லில் நாக்கை ஒட்டி அடைக்கும் ஒலி, செக்காரர்களிடம் அதற்குப் பக்கத்து ஒலி ஏற்கனவே இருக்கிறது. ஆங்கிலத்துக்கு வேண்டியது அடைப்பு இல்லாமல் காற்று உரசிக்கொண்டு வெளியேறுவது. நாக்கு நுனியைப் பல்லில் லேசாக வைத்து ஊதச் சொல்லுங்கள், காற்று நிற்காமல் ஓட வேண்டும். வந்தால் நல்லது. வராவிட்டால் 'டிங்க்' போன்ற ஒலியோடு விட்டுவிடலாம். 'சிங்க்' என்று மட்டும் சொல்லவிடாதீர்கள், அது மூழ்குவது என்று பொருள் தரும் வேறு சொல். பிற மொழிக்காரர்கள் தங்களுக்குள் பேசும் ஆங்கிலத்தை ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-ல், பேச்சு புரிவதற்குக் கட்டாயம் தேவையானவை என்று முன்வைத்த அடிப்படைப் பட்டியலில் இந்த ஒலி இல்லை. அவர் சொல்லழுத்தத்தையும் பட்டியலில் சேர்க்கவில்லை, அதில் எனக்கு முழு உடன்பாடு கிடையாது. ப்ராகில் உட்கார்ந்து ஜெர்மானியரோடும் உங்களோடும் பேசுவதற்கு அது சரியாக இருக்கலாம். லண்டனிலோ சிகாகோவிலோ இருக்கும் வாடிக்கையாளரோடு தொலைபேசியில் பேசும்போது அழுத்தம் மாறினால் சொல்லே நழுவிவிடுகிறது.

அதே பட்டியலில் இருக்கும் ஒன்றை நானும் வலியுறுத்துவேன்: சொல் முதலில் வரும் அதிராத ப், ட், க் ஆகியவற்றுக்குப் பின் வரும் மூச்சு. செக்கிலும் இல்லை, தமிழிலும் இல்லை. மூச்சு விடாமல் 'குண்டூசி' (pin) என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சொன்னால் ஆங்கிலேயர் காதில் 'குப்பைத்தொட்டி' (bin) விழும். வாய்க்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நீங்களும் அவர்களோடு சேர்ந்து பழகுங்கள். அது ஆட வேண்டும்.

'மீட்டிங்க்' பிரச்சினைக்கு வழி அவர்கள் மொழியிலேயே உண்டு. வங்கியைக் குறிக்கும் செக் சொல் 'பங்க்கா'வில் நம் ங் அப்படியே வருகிறது. அந்தச் சொல்லைத் தொடங்கி க் வருவதற்கு முன் நிறுத்தி, மூக்கொலியை மட்டும் இழுக்கச் சொல்லுங்கள்.

இவர்களுக்கு நன்றாக வருவதையும் சொல்லிப் பாராட்டுங்கள். 'ஸ்த்ர்ச் ப்ர்ஸ்த் ஸ்க்ர்ஸ் க்ர்க்' என்று ஓர் உயிர்கூட இல்லாமல் ஒரு வாக்கியம் சொல்கிறவர்கள் அவர்கள். தொண்டைக்குள் விரலை விடு என்று அர்த்தம். மெய்கள் குவிந்த ஆங்கிலச் சொற்களில் 'இஸ்கூல்' மாதிரி உயிரைச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் அவர்களிடம் கிடையாது. 'பாட்டில்', 'லிட்டில்' சொற்களின் கடைசி ல் 'வ்ல்தவா' நதியின் பெயரிலேயே இருக்கிறது. உருளும் ர் மட்டும் மாற வேண்டும்: நாக்கு நுனி எதையும் தொடாமல் பின்னால் சுருள வேண்டும். அமெரிக்க உச்சரிப்பு விரும்புகிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி. பறவை (bird), வேலை (work) ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களில் அமெரிக்கர்கள் உயிரே இல்லாமல் ர்-ஐ மட்டும் இழுக்கிறார்கள். ப்ராகுக்குத் தென்மேற்கே 'ப்ர்தி' என்று மலைத்தொடர் இருக்கிறது, அதன் பெயரிலும் அதே அமைப்புதான். உருட்டலை எடுத்துவிட்டால் பறவை கிட்டத்தட்ட வந்துவிடும்.

ஊரையும் வயதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ப்ராக் பக்கத்தவர்களின் குறில் இகரம் நெடிலைவிட வாய் சற்றுத் திறந்து வருவதால் கப்பலும் (ship) செம்மறியாடும் (sheep) அவர்களுக்கு ஆங்கிலத்தில் குழம்பாது. நாட்டின் வடகிழக்கில் உள்ள ஒஸ்த்ராவா பக்கத்து வட்டார வழக்கில் நெடிலே இல்லை, அழுத்தமும் கடைசிக்கு முந்தைய அசையில். அங்கிருந்து வந்தவருக்கு சார்க்கா தந்திரம் பலிக்காது, இகர ஜோடிகளிலிருந்து தொடங்க வேண்டும். 1989-க்கு முன் பள்ளி முடித்தவர்கள் கட்டாயப் பாடமாக ரஷ்ய மொழி படித்தவர்கள். தொலைக்காட்சியில் வெளிநாட்டுப் படங்களும் செக் குரல் கொடுத்தே வந்ததால், பலர் ஆங்கிலத்தைக் காதால் கேட்டதைவிடக் கண்ணால் படித்ததே அதிகம்.

அங்கேதான் எழுத்து குறுக்கே வரும். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் எழுதியதாகக் கருதப்படும் ஒரு நூலிலிருந்து, ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்ற கொள்கை செக்கில் வேரூன்றியது. எழுதியதை அப்படியே படித்தால் போதும் என்று வளர்ந்தவர்கள் 'ஐலண்ட்'டில் எஸ் இருப்பதைப் பார்த்தால் சொல்லாமல் விடமாட்டார்கள். எனவே முதல் சில வகுப்புகளில் காகிதமே கொடுக்காதீர்கள். சொல்லைக் கேட்கட்டும், திரும்பச் சொல்லட்டும், வாயில் அது நன்றாக உட்கார்ந்த பிறகு எழுத்தைக் காட்டுங்கள்.